மணிவளைவைப் படிப்பது எப்படி: சார்பின் வரைபடத்திலிருந்து இயல்நிலைப் பரவலின் நிகழ்தகவு வரை

இயல்நிலைப் பரவல் என்பது, பெரும்பாலான மதிப்புகள் சராசரியை ஒட்டி விழுந்து, விலக விலகக் குறையும் பரவல்; அதன் வரைபடம் மணி வடிவில் இருப்பதால் மணிவளைவு என்கிறோம். இந்தப் பாடத்தில் தடுமாறுகிறவர்கள் பலருக்கும் சிக்கல் நிகழ்தகவில் இல்லை. அதற்கு முன்பே படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன வரைபடத்தில்தான் இருக்கிறது. "எக்ஸிலிருந்து சராசரியைக் கழி, திட்ட விலக்கத்தால் வகு, அட்டவணையைப் பார்" என்று மூன்று வரியை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள் (திட்ட விலக்கம் என்பது மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு). கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால், கூட்டுவதா கழிப்பதா, 0.5 எங்கே வரும் என்று கை நின்றுவிடுகிறது.

அந்த மூன்று வரியும் ஒரு வரைபடத்தை நகர்த்தி, பிறகு சுருக்குகிற வேலை, அவ்வளவுதான். அதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் மனப்பாடத்துக்கே தேவை இருக்காது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் கிட்டத்தட்டப் பாதி இடத்தை வரைபடத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அட்டவணை வரும் பகுதிக்கு நேராகத் தாவ வேண்டாம். தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

வரைபடத்தில் முதலில் எதைப் பார்ப்பது

சார்பு என்பது ஒரு விதி. ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அந்த விதியின் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு செய்தி: (3, 9) என்ற புள்ளி "3 கொடுத்தேன், 9 வந்தது" என்கிறது. குத்துக்கோட்டுச் சோதனையும் இதிலிருந்து வருவதுதான். ஒரு குத்துக்கோடு வளைவை இரண்டு இடத்தில் வெட்டினால் ஒரே எண்ணுக்கு இரண்டு விடை கிடைக்கிறது, ஆகவே அது சார்பு இல்லை.

புதிய வரைபடம் ஒன்று கைக்கு வந்ததும் கணக்கைத் தொடங்காதீர்கள். அது அச்சுகளை எங்கே வெட்டுகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, உச்சி எங்கே, இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கிறதா, இரண்டு ஓரங்களிலும் எங்கே போகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

பலர் பார்க்காமல் விடுவது வளைவின் குழிவை. மலை உச்சிபோல் கவிழ்ந்திருக்கிறதா, கிண்ணம்போல் நிமிர்ந்திருக்கிறதா? கவிழ்ந்த வளைவு நிமிர்ந்த வளைவாக மாறும் இடத்துக்கு வளைவு மாற்றப் புள்ளி என்று பெயர். மணிவளைவில் இந்தப் புள்ளிக்குத் தனி மதிப்பு உண்டு. கொஞ்ச நேரத்தில் அதற்குத் திரும்பி வருவோம்.

நகர்த்துவதும் நீட்டுவதும்

இந்தப் பகுதிதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்தை வரைந்துகொள்ளுங்கள். அதன் அடிப்புள்ளி ஆதியில், அதாவது இரண்டு அச்சுகளும் வெட்டும் இடத்தில், இருக்கிறது.

இப்போது ஒய் = எக்ஸ்² + 3. எல்லா விடையிலும் 3 கூடுவதால் வளைவு 3 அலகு மேலே போகிறது. இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. அடுத்து ஒய் = (எக்ஸ் − 3)². கழித்தல் குறியைப் பார்த்ததும் இடது பக்கம் நகரும் என்றுதான் மனம் சொல்லும். நகர்வதோ வலது பக்கம். ஏன்? பழைய வளைவில் அடிப்புள்ளி கிடைக்க அடைப்புக்குள் சுழியம் வர வேண்டியிருந்தது. இங்கும் அடைப்புக்குள் சுழியம் வர வேண்டும் என்றால் எக்ஸ் 3 ஆக வேண்டும். ஆக, அடிப்புள்ளி 3-க்குப் போய்விட்டது. எப்போது சந்தேகம் வந்தாலும் "அடைப்புக்குள் சுழியம் எப்போது வரும்?" என்று கேட்டுப் பாருங்கள், விடை தானே வரும்.

நீட்டுவதும் இப்படித்தான். எக்ஸ் இருக்கும் இடத்தில் எக்ஸ்/2 போட்டால், முன்பு 1-இல் நடந்தது இப்போது 2-இல் நடக்கும். வளைவு பக்கவாட்டில் இரண்டு மடங்கு அகலமாகும். 2எக்ஸ் போட்டால் பாதியாகச் சுருங்கும். சார்புக்கு வெளியே செய்யும் மாற்றம் உயரத்தை நேராகவே மாற்றுகிறது. உள்ளே செய்யும் மாற்றம் அகலத்தை நாம் நினைப்பதற்கு எதிராக மாற்றுகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வளைவை அகலத்தில் இரண்டு மடங்கு நீட்டினால் அதன் கீழுள்ள பரப்பும் இரண்டு மடங்காகும். பரப்பு மாறக் கூடாது என்றால் உயரத்தைப் பாதியாக்க வேண்டும்.

மணிவளைவை நாமே கட்டுவோம்

இயல்நிலைப் பரவலின் சூத்திரம் முதல் பார்வைக்கு மிரட்டும். துண்டு துண்டாகக் கட்டினால் அந்த மிரட்சி போய்விடும்.

எக்ஸ்²-இல் தொடங்குங்கள். அதற்குக் கழித்தல் குறி போட்டால் கிண்ணம் கவிழ்கிறது. அதை 2-ஆல் வகுத்து, −எக்ஸ்²/2 என்பதை ஈ என்ற எண்ணின் அடுக்காகப் போடுங்கள் (ஈ ஏறத்தாழ 2.718). அடுக்கு சுழியமாக இருக்கும் இடத்தில் விடை 1. அங்கிருந்து இரு பக்கமும் அடுக்கு எதிர்மமாகப் பெருகுவதால் விடை விரைவாகச் சுருங்குகிறது: எக்ஸ் 1 ஆனால் 0.6065, 2 ஆனால் 0.1353, 3 ஆனால் 0.0111. ஆனால் எந்த அடுக்குக்கும் ஈ சுழியமாவதில்லை. அதனால் வளைவு கிடையச்சை நெருங்கிக்கொண்டே போகும், தொடவே தொடாது. வர்க்கம் இருப்பதால் −2-க்கும் 2-க்கும் விடை ஒன்றே. இடமும் வலமும் சமச்சீர். இந்த நான்கு புள்ளிகளையும் அவற்றின் பிம்பங்களையும் தாளில் குறித்து இணைத்துப் பாருங்கள். மணி வந்துவிடும்.

இந்த வளைவின் கீழுள்ள மொத்தப் பரப்பு 2.5066, அதாவது 2பை என்பதன் வர்க்கமூலம். நிகழ்தகவுகளை எல்லாம் கூட்டினால் 1 வர வேண்டும் என்பதால் அந்த எண்ணாலேயே வகுத்துவிடுகிறோம். சூத்திரத்தின் தலையில் அந்த வர்க்கமூலம் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். வகுத்தபின் உச்சியின் உயரம் 0.3989 ஆகிறது. இதுதான் திட்ட இயல்நிலை வளைவு: சராசரி 0, திட்ட விலக்கம் 1.

வேறு சராசரியும் வேறு திட்ட விலக்கமும் வேண்டுமா? முந்தைய பகுதியில் செய்ததையே செய்யுங்கள். எக்ஸ் இருந்த இடத்தில் (எக்ஸ் − சராசரி) ÷ திட்ட விலக்கம் என்று போட்டால், வளைவு சராசரி இருக்கும் இடத்துக்கு நகர்ந்து, திட்ட விலக்கத்தின் அளவுக்கு அகலமாகிறது. பரப்பு 1-ஆகவே இருக்க, உயரத்தைத் திட்ட விலக்கத்தால் வகுக்கிறோம். பாடப்புத்தகத்தில் உள்ள முழுச் சூத்திரமும் இவ்வளவுதான்.

வளைவு மாற்றப் புள்ளியைப் பற்றிச் சொன்னேனே, அது இந்த வளைவில் சராசரியிலிருந்து சரியாக ஒரு திட்ட விலக்கத் தொலைவில், இரு பக்கமும் இருக்கிறது. எவ்வளவு அழகான விஷயம் பாருங்கள்: திட்ட விலக்கம் என்பது கணக்குப் போட்டு வரும் வெறும் எண் மட்டுமல்ல, வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடம். மணிவளைவு ஒன்றை வரைந்து கொடுத்து "இதன் திட்ட விலக்கம் என்ன?" என்று யாராவது கேட்டால், கவிழ்ந்த பகுதி முடிந்து வளைவு நிமிரத் தொடங்கும் இடத்தைத் தேடி, அங்கிருந்து நடுக்கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்தால் போதும்.

உயரம் நிகழ்தகவு இல்லை

மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். மணிவளைவின் உயரம் நிகழ்தகவு அடர்த்தி. நிகழ்தகவு என்பது பரப்பு. திட்ட விலக்கம் 0.1 உள்ள பரவலில் உச்சியின் உயரம் 3.989 வரும். நிகழ்தகவு 1-ஐத் தாண்டாது. அடர்த்தி தாராளமாகத் தாண்டும். ஒரே ஒரு புள்ளிக்கு மேலே பரப்பு கிடையாது என்பதால், தொடர் மாறி ஒன்று (நீளம்போல் இடையிலுள்ள எந்த மதிப்பையும் எடுக்கக்கூடியது) சரியாக ஓர் எண்ணையே எடுக்கும் நிகழ்தகவு சுழியம். ஆகவே இந்தப் பரவலில் "5-க்குக் குறைவு", "5 அல்லது அதற்குக் குறைவு" இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.

பரப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? வளைவின் கீழுள்ள பரப்பைச் சூத்திரத்தால் கண்டுபிடிக்கும் முறையான தொகையீட்டைச் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் இந்தச் சார்பின் தொகையீட்டை நாம் அறிந்த சாதாரணச் சார்புகளைக் கொண்டு ஒரு சூத்திரமாக எழுத முடியாது. அது நிறுவப்பட்ட உண்மை, நம் திறமைக் குறைவு இல்லை. அட்டவணை தேவைப்படுவது அதனால்தான். ஆனால் அட்டவணையில் உள்ள ஓர் எண்ணையாவது நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதைச் செய்யாமல் விடுவதில்லை.

0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள பரப்பை எடுத்துக்கொள்வோம். அதை நான்கு பட்டைகளாகப் பிரியுங்கள். 0, 0.25, 0.5, 0.75, 1 ஆகிய இடங்களில் உயரங்கள் 0.3989, 0.3867, 0.3521, 0.3011, 0.2420. ஒவ்வொரு பட்டையையும் ஒரு சரிவகமாகக் கொண்டால், முதல் உயரத்திலும் கடைசி உயரத்திலும் பாதி, நடுவில் உள்ளவை முழுதாக, எல்லாவற்றையும் கூட்டி 0.25-ஆல் பெருக்க வேண்டும். வருவது 0.3401. அட்டவணை சொல்வது 0.3413. நான்கே நான்கு பட்டையில் இவ்வளவு நெருக்கம்!

நம் விடை ஏன் கொஞ்சம் குறைந்தது? 0 முதல் 1 வரை வளைவு கவிழ்ந்திருக்கிறது. சரிவகத்தின் மேல்கோடு வளைவுக்குக் கீழேயே ஓடுகிறது. 1-ஐத் தாண்டினால் வளைவு நிமிர்கிறது, அங்கே இதே முறை கூடுதலாகக் காட்டும்: 1 முதல் 2 வரை ஒரே சரிவகமாகப் போட்டால் 0.1480 வரும், உண்மையான பரப்பு 0.1359. வளைவு மாற்றப் புள்ளி எங்கே என்று தெரிந்தால் பிழை எந்தப் பக்கம் விழும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

அட்டவணையைக் கையில் எடுக்கும் முன்

உலகத்தில் எத்தனையோ சராசரிகள், எத்தனையோ திட்ட விலக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை போட முடியாது. எந்த மணிவளைவையும் நகர்த்திச் சுருக்கினால் திட்ட இயல்நிலை வளைவாகிவிடும் என்பதால் ஓர் அட்டவணையே போதும். இசட் = (எக்ஸ் − சராசரி) ÷ திட்ட விலக்கம் என்பது அந்த நகர்த்தலும் சுருக்கலும்தான். இசட் மதிப்பு 1.5 என்றால், அந்த இடம் சராசரிக்கு வலப்பக்கம் ஒன்றரைத் திட்ட விலக்கத் தொலைவில் இருக்கிறது என்று பொருள்.

அட்டவணைகளில் வகை உண்டு. சில 0 முதல் இசட் வரையுள்ள பரப்பைத் தரும். சில இடக்கோடி முதல் இசட் வரை தரும். சில வலப்பக்க வாலை மட்டும் தரும். எது நம் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இசட் 0 உள்ள கட்டத்தைப் பாருங்கள். அங்கே 0.0000 இருந்தால் முதல் வகை. 0.5000-இல் தொடங்கி ஏறினால் இரண்டாவது, 0.5000-இல் தொடங்கி இறங்கினால் மூன்றாவது. தேர்வறையில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இதைப் பார்க்காததால்தான்.

கணினி விரிதாளில் இந்தப் பரவலுக்கான நார்ம்.டிஸ்ட் (NORM.DIST) என்ற சார்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கடைசி இடத்தில் ட்ரூ கொடுத்தால் இடக்கோடியிலிருந்து பரப்பு வரும். ஃபால்ஸ் கொடுத்தால் வெறும் உயரம் வரும். நிகழ்தகவு வேண்டுமென்றால் ட்ரூ.

இன்னொரு பொறி: இயல்நிலை (50, 16) என்று எழுதியிருந்தால் இரண்டாவது எண் வழக்கமாகப் பரவற்படி. திட்ட விலக்கம் அதன் வர்க்கமூலமான 4. 16-ஆல் வகுத்துவிட்டால் முழுக் கணக்கும் போச்சு.

தோராயமாகச் சரிபார்க்க மூன்று எண்களை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68.27 சதவீதம், இரண்டுக்குள் 95.45, மூன்றுக்குள் 99.73.

ஒரு கணக்கை முழுதாகப் போடுவோம்

ஓர் இயந்திரம் உலோகக் கம்பிகளை வெட்டுகிறது. நீளத்தின் சராசரி 50 மி.மீ., திட்ட விலக்கம் 0.2 மி.மீ., பரவல் இயல்நிலை. 49.7 முதல் 50.5 மி.மீ. வரை இருந்தால் கம்பியை ஏற்பார்கள். எத்தனை சதவீதம் தேறும்?

முதலில் படம். மணியை வரைந்து நடுவில் 50 என்று எழுதுங்கள். 49.7-லும் 50.5-லும் குத்துக்கோடு போட்டு, இடையில் நிழல் தீட்டுங்கள். கணக்குப் போடும் முன்பே இரண்டு விஷயம் தெரிகிறது: நிழல் பெரியது, விடை 0.9-ஐ ஒட்டி இருக்கும். இடக்கோடு நடுவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கழிவு அந்தப் பக்கம்தான் அதிகம்.

இனி இசட். இடப்பக்கம் −0.3 ÷ 0.2 = −1.5. வலப்பக்கம் 0.5 ÷ 0.2 = 2.5. முதல் வகை அட்டவணையில் 1.5-க்கு 0.4332. அட்டவணையில் எதிர்ம இசட் இருக்காது, தேவையும் இல்லை. சமச்சீர் இருப்பதால் −1.5 முதல் 0 வரையும் அதே பரப்பு. 2.5-க்கு 0.4938. இரண்டு துண்டும் நடுக்கோட்டின் இரு பக்கமும் இருப்பது படத்தில் தெரிவதால் கூட்ட வேண்டும்: 0.9270. ஆயிரத்துக்கு 927 தேறும், 73 கழியும்.

கூட்டுவதா கழிப்பதா என்ற கேள்விக்குப் படமே விடை சொல்லிவிட்டது. இரண்டு எல்லைகளும் நடுக்கோட்டின் ஒரே பக்கம் இருந்தால் பெரிய துண்டிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வால் பகுதி மட்டும் வேண்டுமென்றால் பாதி மணியான 0.5-இலிருந்து கழிக்க வேண்டும்.

கணக்கு இதோடு முடியவில்லை. கழியும் 73-இல் இடப்பக்கம் எவ்வளவு? 0.5 − 0.4332 = 0.0668, ஏறத்தாழ 67 கம்பி நீளம் குறைந்து கழிகிறது. வலப்பக்கம் 6 மட்டுமே. அப்படியானால் மணியை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் என்ன? ஏற்கும் எல்லைகளின் நடு 50.1. இயந்திரத்தின் சராசரியை 50.1-க்கு மாற்றினால் இரண்டு எல்லையும் −2, 2 ஆகின்றன; தேறுவது 95.45 சதவீதம். கழிவு 73-இலிருந்து 46-க்குள் வந்துவிட்டது. இயந்திரத்தின் துல்லியத்தைத் தொடவே இல்லை, வரைபடத்தை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்த்தினோம். நகர்த்துவதற்கு என்ன பலம் என்று இங்கே கண்ணெதிரே தெரிகிறது.

தலைகீழாகக் கேட்டால்

பரப்பைக் கொடுத்து எல்லையைக் கேட்பார்கள். ஒரு தேர்வில் சராசரி 62, திட்ட விலக்கம் 12. முதல் 10 சதவீதத்தினருக்குப் பரிசு என்றால் குறைந்தபட்ச மதிப்பெண் என்ன? வலது வால் 0.10, ஆகவே நடுவிலிருந்து எல்லை வரை 0.40. அட்டவணையின் உள்ளே 0.40-க்கு மிக அருகில் உள்ள எண் 0.3997, அதன் இசட் 1.28. இப்போது சுருக்கியதை நீட்டி, நகர்த்தியதைத் திருப்புங்கள்: 1.28 × 12 = 15.36, அதோடு 62 சேர்ந்தால் 77.36. முதலில் பெருக்கல், பிறகு கூட்டல். போன வழியே திரும்பி வருகிறோம்.

நாணயமும் அரை அலகும்

இந்த வளைவு பிறந்ததே நாணயக் கணக்கில்தான். ஆபிரகாம் டி மாவர் என்ற கணிதவியலாளர் 1733-இல் ஈருறுப்புப் பரவலை (பல முறை சுண்டினால் எத்தனை தலை விழும் என்பது போன்ற பரவல்) தோராயமாகக் கணக்கிட வழி தேடியபோது இதை அடைந்தார். கார்ல் ஃபிரீடரிக் காஸ் 1809-இல் வெளியிட்ட வானியல் நூலில் அளவீட்டுப் பிழைகளுக்கு இதைக் கையாண்டார். அவர் பெயராலேயே காஸ் வளைவு என்றும் சொல்கிறார்கள்.

நாணயத்தை 100 முறை சுண்டினால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழும் நிகழ்தகவு என்ன? சராசரி 50. திட்ட விலக்கம் 100 × 0.5 × 0.5 என்பதன் வர்க்கமூலம், அதாவது 5. நேராக 60-ஐப் போட்டால் இசட் 2, விடை 0.0228. ஆனால் தலைகளின் எண்ணிக்கை முழு எண். 60 என்ற விளைவைப் படத்தில் வரைந்தால் அது 59.5 முதல் 60.5 வரை அகலமுள்ள ஒரு பட்டை. 60-இல் கோடு போட்டால் அந்தப் பட்டையில் பாதியை வெட்டிவிடுகிறோம். அதனால் 59.5-இலிருந்து தொடங்க வேண்டும்: இசட் 1.9, விடை 0.0287. ஈருறுப்புப் பரவலில் துல்லியமாகக் கணக்கிட்டால் 0.0284. அரை அலகு மாற்றியதில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். இதைத் தொடர்ச்சித் திருத்தம் என்பார்கள். 60-ஐச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வியும் இங்கே மட்டும் முக்கியம். "60-க்கு மேல்" என்று கேட்டால் 60.5-இலிருந்து தொடங்க வேண்டும்.

எப்போது இந்த வளைவைத் தொடக் கூடாது

எல்லாத் தரவும் மணியாக விழாது. வருமானம், காத்திருக்கும் நேரம் போன்றவை ஒரு பக்கமாக நீண்ட வாலோடு இருக்கும். தரவை வரைந்து பார்ப்பதே முதல் சோதனை. வரைய வசதி இல்லாவிட்டால் இதைச் செய்யுங்கள்: காத்திருக்கும் நேரத்தின் சராசரி 10 நிமிடம், திட்ட விலக்கம் 12 நிமிடம் என்கிறார்கள் என்று வையுங்கள். இயல்நிலை என்று எடுத்துக்கொண்டால் சுழியத்தின் இசட் −10 ÷ 12, ஏறத்தாழ −0.83. அதற்கு இடப்பக்கம் உள்ள பரப்பு 0.2033. ஐந்தில் ஒருவர் சுழியத்துக்கும் குறைவான நேரம் காத்திருந்தார் என்று ஆகிறது. நடக்காத காரியம், அந்தத் தரவுக்கு இந்த வளைவு பொருந்தாது, அட்டவணையை மூடிவிட்டு வேறு பரவலைத் தேட வேண்டியதுதான்.